புளியங்கொட்டைக் கணக்கும் ஆறாவது விரலும்

எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "எத்தன?" என்றுதான் கேட்பார்கள். கையில் எத்தனை விரல் என்று அர்த்தம். இதை வெளியாட்களிடம் விளக்கிச் சொல்லியே என் பாதி ஆயுசு போய்விட்டது. மீதிப் பாதியும் இனி அப்படித்தான் போகும் போலிருக்கிறது, அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்பாவுக்கு வலது கையில் ஆறு விரல். சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும், குட்டி நகத்தோடு. யோசிக்கும்போது அதை இடது கையால் உருட்டிக்கொண்டே இருப்பார். அவருடைய அப்பாவுக்கு இரண்டு கையிலும் ஆறு ஆறாம். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் காலத்தில் சாமை இரட்டிப்பாக விளைந்தது என்று அப்பா சொல்லும்போது மறுத்துப் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

சாமைக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலை தாண்டி ஒரு சரிவில் எங்கள் நிலம். ஆடியில் சாமை விதைப்போம். அக்கம்பக்கத்துக் காடுகளில் யார் வேண்டுமானாலும் முதல் பிடி விதையைத் தூவலாம். எங்கள் வீட்டில் மட்டும் அது ஆறு விரல் கையிலிருந்துதான் விழ வேண்டும். எப்போது வந்த வழக்கம், யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அப்பா முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வீசுவார். அந்தக் குட்டி விரல் மீது நாலு மணி தட்டித் தெறிக்கும். அது தெறித்தால்தான் விதைப்பு. அதன் பிறகு நாங்கள் எல்லோரும் இறங்குவோம்.

நான் ஒரே பிள்ளை. எனக்கு ஐந்துதான். வலது கைச் சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு மரு உண்டு, அவ்வளவுதான். சின்ன வயதில் அதன் மீது சுண்ணாம்பு தடவிப் பார்த்தேன், நூறு தடவையாவது கிள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அம்மா என் கையைத் தட்டிவிட்டு, "இருந்துட்டுப் போவட்டும், வுடு" என்பாள். விரல் என்னிடம் வராமல் நின்றுபோனதற்கு உறவுக்காரர்கள் அம்மாவைத்தான் குறை சொன்னார்கள். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் யாராவது ஒருத்தி, "இவ வவுறுதான் வெரல முழுங்கிடுச்சு" என்பாள். அம்மா பதிலே சொல்ல மாட்டாள். ஆடியில் முதல் பிடி விழும் நாளில் மட்டும் அவளுக்குத் தவறாமல் தலைவலி வரும். காட்டுக்கே வர மாட்டாள்.

நான் படித்து இறங்கி, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஆனேன். பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் வந்தால் எனக்குத் தலைகால் புரியாது. மற்ற பாடங்களை நடத்துவேன், இதை மட்டும் கூத்தாடுவேன். பட்டாணிச் செடி நெட்டையா குட்டையா என்று தோட்டத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த அந்தத் துறவியின் கதையை நான் சொல்லிக் கேட்டால், அவர் எங்கள் சின்னசேலம் பக்கத்து ஆள் என்றே பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

செய்முறைக்கு என்னிடம் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. பாதியைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கொட்டை. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. அந்தப் பிள்ளை நாளைக்குத் தன் குழந்தைக்கு ஒன்றைத்தான் கொடுக்க முடியும். எதைக் கொடுப்பது என்று பிள்ளையைக் கேட்க மாட்டோம், கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். வெள்ளை ஓங்குபண்பு. ஒன்றே ஒன்று இருந்தாலும் வெளியே தெரிந்துவிடும். கறுப்பு ஒடுங்குபண்பு. இரண்டும் கறுப்பாக இருந்தால்தான் தலைகாட்டும். இவ்வளவுதான் பாடம். இந்த இவ்வளவுக்கு வகுப்பு இரண்டு நாள் சந்தைக்கடை மாதிரி இருக்கும். தலைமை ஆசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

என் மனைவி கர்ப்பமானது ஒரு வைகாசியில். அந்த ஆடியில் அப்பா முதல் பிடியை வீசும்போது அவருடைய வலது தோள் பாதியிலேயே நின்றுவிட்டது. மணி தெறிக்கவில்லை, சிந்தியது. அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அறிவித்தார்.

"வர்ற கொழந்தைக்கும் அஞ்சுதான்னா, சாமைய இதோட வுட்டுடலாம். சரிவு முச்சூடும் மரவள்ளி போட்டுக்கினு கம்முனு கெடப்போம்."

ஐந்து விரல்காரன் ஆனாலும் அந்தச் சாமைக் கதிர் தலைசாய்ந்து நிற்கும் சரிவு எனக்கு வேண்டும். அது மரவள்ளிக் காடாகிப் போவதை நினைத்தால் அழுகை வந்தது. ஆனால் நான் அறிவியல் ஆசிரியர் ஆயிற்றே. அழுவதற்குப் பதிலாகப் புளியங்கொட்டையை எடுத்தேன்.

இந்த இடத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவை ஆறுதல்படுத்த வேண்டிய நேரத்தில் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"இதோ பாருங்கப்பா. வெள்ள ஆறு வெரலு. கருப்பு அஞ்சு வெரலு. உங்ககிட்ட ஒரு வெள்ள, ஒரு கருப்பு. அம்மாகிட்ட ரெண்டும் கருப்பு. எனக்கு உங்ககிட்டேருந்து வெள்ள வந்திருந்தா எனக்கும் ஆறு இருந்திருக்கும். இல்ல. அப்ப எங்கிட்ட ரெண்டும் கருப்பு. உங்க மருமவகிட்டயும் ரெண்டும் கருப்பு. எங்க கொழந்தைக்கு வெள்ள எங்கேருந்து வரும்? வராது. இது கணக்கு."

அப்பா கொட்டைகளைப் பார்த்தார். தன் குட்டி விரலை உருட்டினார்.

"உங்கிட்ட வெள்ள இல்லன்னு யாரு பாத்தா?"

"வெளிய தெரியலியேப்பா. இருந்தா காட்டிடும்."

"கொட்டைக்கு இன்னாடா தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அடுப்படியில் இருந்த அம்மா அதற்கு முன்பே விறகு பொறுக்கப் போயிருந்தாள். வீட்டில் விறகு கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

அப்பா என் கணக்கை மதிக்கவே இல்லை என்பது ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போனபோது தெரிந்தது. மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, சலவை வேட்டியோடு கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்டார். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் நாலு சுவரிலும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்பா நாலையும் நிதானமாகப் படித்துவிட்டு டாக்டரம்மாவிடம் போனார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க."

"பெரியவரே, அதைச் சொல்லக் கூடாது. போர்டு பாத்தீங்கல்ல."

"அது எனுக்கு வேணாங்க. எத்தன வெரலுன்னு மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். அப்பா தன் வலது கையை விரித்துக் காட்டினார். டாக்டரம்மா எண்ணினார். மறுபடி எண்ணினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இதைச் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கருவியை வைத்துப் பத்து நிமிஷம் தேடினார். குழந்தை இரண்டு கையையும் இறுக்க மூடிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது. "உங்க வூட்டு ஆளுங்க பிடிவாதம் இப்பவே தெரியுது" என்று என் மனைவி படுத்துக்கொண்டே சொன்னாள்.

மாசி மாதக் கடைசியில் ஒரு காலை பத்து மணிக்கு மகள் பிறந்தாள். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. அப்பா, அம்மா, நான் மூவரும் வராந்தாவில் நின்றிருந்தோம். அம்மா கையில் வெந்நீர் பிளாஸ்க். நர்ஸ் துணியில் சுற்றிக் குழந்தையைக் கொண்டுவந்தார். அப்பா முகத்தைப் பார்க்கவில்லை, நேராகத் துணியை விலக்கிக் கையைப் பார்த்தார். வலது கை. ஐந்து. அவருடைய முகம் விழுந்துவிட்டது. என் கணக்கு ஜெயித்தது, எனக்கு அழுகை முட்டியது. கணக்கில் ஜெயித்து அழுத ஒரே வாத்தியார் நானாகத்தான் இருப்பேன்.

அப்போது குழந்தை இடது கையை வெளியே நீட்டியது. சுண்டுவிரலின் ஓரத்தில், மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, நூல் மாதிரிக் காம்பில் ஆடிக்கொண்டு, நகத்தோடு ஒன்று.

அப்பா சத்தம் போடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வராந்தாவின் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்தார். எதிரே வந்தவர்களிடமெல்லாம், யார் எவர் என்று பார்க்காமல், "ஆறுங்க, ஆறு" என்றார். அவர்கள் எடையைச் சொல்கிறார் என்று நினைத்து வாயடைத்துப் போனார்கள். நாலு நடை நடந்த பிறகுதான் என்னிடம் வந்து, "ஆமா, இன்னா கொழந்த?" என்று கேட்டார். பெண் என்றேன். "கை பீச்சாங்கையாப் போச்சே" என்று ஒரு நொடி யோசித்தார். "மண்ணுக்கு எந்தக் கையின்னு இன்னா தெரியப் போவுது" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டு மறுபடி நடக்கப் போனார்.

நானும் முதல் ஐந்து நிமிஷம் கூடவே குதித்தேன். வாயெல்லாம் பல். சாமை பிழைத்தது. ஆறாவது நிமிஷம் எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டான். இரண்டு கறுப்புக்கும் இரண்டு கறுப்புக்கும் வெள்ளை எப்படிப் பிறந்தது? உள்ளே கட்டிலுக்குப் போனேன். மனைவி களைப்போடு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எட்டு மாதமாக என் புளியங்கொட்டைப் பேச்சைக் கேட்டு நொந்தவள்.

"இன்னாங்க சார், உங்க கணக்குப்படி இந்தக் கொழந்த எங்கேருந்து வந்துச்சு?"

சில சமயம் ஓங்குபண்பு உள்ளே இருந்தும் வெளியே காட்டாமல் ஒளிந்திருக்கும், அப்படியும் உண்டு, பெரிய புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள் என்று அவசரமாக உளறினேன். அது உண்மையும்கூட. ஆனால் அப்பாவுக்குப் பாடம் நடத்தும்போது அதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். பிள்ளை பெற்று ஒரு மணி நேரத்தில் இப்படி மடக்குகிறவளிடம் என்ன பேசுவது? அசடு வழிய நின்றேன். அவள் வயிறு வலிக்குமே என்று பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரம் நர்ஸ் வந்தார். பின்னாலேயே அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நர்ஸ் குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது ஒண்ணும் பயமில்லீங்க. வேணாம்னா டாக்டரக் கேட்டு அப்பறமா எடுத்துக்கலாம். முன்னல்லாம் ஒரு நூலப் போட்டுக் கட்டிவுட்டுருவாங்க. ஒரு வாரத்துல அதுவா வுழுந்துடும்."

பிளாஸ்க் தரையில் விழுந்து உருண்டது.

"நூலு வேணாம்" என்றாள் அம்மா. குழந்தையின் இடது கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "நூலு கீலு எதுவும் வேணாம். யாரும் கட்டக் கூடாது."

யாரும் கட்டப் போவதில்லை என்று நர்ஸ் சொன்னார். அம்மா விடவில்லை. நாங்கள் மூவரும் அவளையே பார்த்தோம். முப்பத்திரண்டு வருஷத்தில் அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் குந்தினாள்.

"உனுக்கும் இருந்துச்சுடா" என்றாள் என்னைப் பார்த்து.

நான் பிறந்தது ஆடி மாதம். வலி நிற்காமல் போனதால் ஜீப்பில் போட்டுக் கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்பா வரவில்லை. விதைப்பு சமயம், முதல் பிடி போடும் கை மலையை விட்டு இறங்கக் கூடாது. கூட வந்தவர்களும் குழந்தை பிறக்கும் முன்பே விதைப்புக்கென்று மலையேறிவிட்டார்கள். அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. அதற்கு முன் அவள் ஆஸ்பத்திரியைப் பார்த்ததே இல்லை.

"வெள்ளச் சேல கட்டிக்கினு ஒரு அம்மா வந்துச்சு. ஊசி போடட்டான்னு கேட்டுச்சு, தலைய ஆட்டுனேன். மாத்திர குடுக்கட்டான்னு கேட்டுச்சு, தலைய ஆட்டுனேன். புள்ள கையில சத தொங்குது, கட்டிவுடட்டான்னு கேட்டுச்சு, அதுக்கும் ஆட்டிட்டேன். இன்னான்னே புரியல. வெடிஞ்சி பாத்தா நூலு கட்டிக் கெடக்குது. அவுக்கலாமான்னு கேக்கப் பயமா இருந்துச்சு. ஆறாவது நாளு கறுத்துப்போயி வுழுந்துடுச்சு. முந்தானையில முடிஞ்சி வச்சிருந்தேன். திரும்பி வரச்சொல்ல கோமுகி பாலத்தாண்ட பஸ்ஸு நின்னுச்சு. ஆத்துல வுட்டுட்டேன்."

அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல வந்ததும் நீங்க எத்தனன்னு கேட்டீங்க. அப்ப அஞ்சுதான இருந்துச்சு. அஞ்சுன்னேன். அப்பறம் எப்டி மாத்திச் சொல்றது?"

வயிறு விரலை முழுங்கியது என்று ஊரே சொன்னபோதெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றவள் இவள். ஆனால் அந்த நிமிஷத்தில் நான் அழவில்லை. உண்மையைச் சொன்னால், துள்ளிக் குதித்தேன். என்னிடம் வெள்ளைக் கொட்டை இருந்திருக்கிறது. பிறந்த நாளிலிருந்து இருந்திருக்கிறது. அப்பாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து இவளுக்கு. ஒளியவும் இல்லை, மறையவும் இல்லை. பட்டாணித் துறவி சொன்னது சரி, புத்தகம் சரி, டப்பாவில் இருக்கும் அத்தனை கொட்டையும் சரி. தப்பு நான் ஒருத்தன்தான்.

அப்பா என் வலது கையைப் பிடித்தார். சுண்டுவிரலின் ஓரத்தில் இருந்த மருவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். சின்ன வயதில் நான் சுண்ணாம்பு தடவிய அதே மரு. அப்புறம் குனிந்து பிளாஸ்கை எடுத்துத் துடைத்து அம்மா பக்கத்தில் வைத்தார். "அளுவாத. எழுந்து மேல குந்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் நேரம். வேறு எதையோ நடத்த வேண்டியவன், மரபியலை மறுபடி எடுத்துவிட்டேன். முழுக் கதையையும் சொல்லி, மருவையும் காட்டினேன். வகுப்பே எழுந்து வந்து தொட்டுப் பார்த்தது. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"சார், உங்க வெரலதான் எடுத்துட்டாங்களே. அப்பறம் எப்டி சார் பாப்பாவுக்குப் போச்சு?"

அந்தக் கேள்விக்காக அவளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடலாம் போலிருந்தது. எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்த கதையைச் சொன்னேன். எத்தனை வெட்டினாலும் குட்டி வாலோடுதான் பிறந்தது. உடம்புக்கு நடப்பது உடம்போடு போய்விடும், குழந்தைக்குப் போவது கொட்டை மட்டும்தான். நூல் கட்டினால் விரல் விழும். கொட்டையைக் கட்ட நூல் இல்லை. இதே பாடத்தைப் பல வருஷம் நடத்தியிருக்கிறேன், அன்றுதான் எனக்கே புரிந்தது. மணி அடித்தது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. தலைமை ஆசிரியர் மூன்றாவது முறையாக எட்டிப் பார்த்தார்.

ஆடி வந்தது. முதல் மழைக்குப் பிறகு உழுது போட்ட சரிவில் எல்லோரும் கூடினோம். மகளுக்கு ஐந்து மாதம். கையில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்வாள். அப்பா முறத்தை அவளிடம் நீட்டினார். அவள் இடது கையை விட்டு நாலு மணியைப் பிடித்து நேராக வாய்க்குக் கொண்டுபோனாள். என் மனைவி பாய்ந்து வாயிலிருந்து எடுத்தாள். "அவ நல்லாத் தின்னட்டும், அடுத்த வருஷம் வெதைப்பா" என்று அப்பா சிரித்துவிட்டு முறத்தை என் பக்கம் திருப்பினார்.

"போடு."

"எனுக்கு அஞ்சுதானப்பா."

"உனுக்கு ஆறுடா. ஒண்ணு ஆத்தோட போச்சு, அவ்ளோதான்."

வலது கையால் அள்ளினேன். வீசியபோது இரண்டோ மூன்றோ மணி மருவில் தட்டித் தெறித்தது எனக்குத் தெரிந்தது. அப்பா பார்த்தாரா என்று திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வரப்பில் அம்மா நின்றிருந்தாள். அந்த ஆடியில் அவளுக்குத் தலைவலி வரவில்லை.